மேல் வரிசை எட்டுக் குழாய்

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. ஆனாலும் இது முழுக்க என் கை எழுதியது. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் சாயங்கால வகுப்பு வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாகப் போகிறேன். இப்போது பஸ் பலகையை நானே படிக்கிறேன். சோப்பு உறையைப் படிக்கிறேன். பாத்திரக்கடைப் பையைக்கூட விடுவதில்லை. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தது?

இன்று காலை திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர் பாய்லர் சாம்பலைக் கீழே தட்டி, அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். சூட்டுச் சாம்பலில் தண்ணீர் பட்டால் ஒரு வாடை வருமே, அதுதான். டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.

நம் கடற்கரை ஓட்டல் பாய்லரை நீ மறந்திருக்க மாட்டாய். டீசலை நிறுத்திவிட்டு, கடலைத் தோலை அழுத்திச் செய்த குச்சிகளைப் போட்டு எரிக்கிற பாய்லரைக் கொண்டுவந்தார்கள். எல்லா ரூமுக்கும் சலவைக்கும் அதிலிருந்துதான் வெந்நீர். நெருப்பின் புகை இருபத்து நான்கு குழாய்கள் வழியாகப் போகும், அவற்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். குழாய்க்குள் சாம்பல் படிந்தால் சூடு தண்ணீரில் ஏறாது, புகைபோக்கி வழியாக வீணாகப் போய்விடும். நம் பக்கத்து உப்புக் காற்றில் அந்தச் சாம்பல் ஈரம் குடித்துச் சுண்ணாம்பு மாதிரி இறுகியும் விடும்.

அதனால் திங்கட்கிழமை தோறும் நெருப்பை அணைத்து ஆறவைத்து, முன்கதவையும் பின்கதவையும் கழற்றுவோம். நீளக் கம்பியில் கட்டிய பிரஷை நான் முன்னாலிருந்து தள்ளுவேன், பின்னால் கொட்டுகிற சாம்பலை நீ வாருவாய். தேய்த்து முடித்ததும் ஒவ்வொரு குழாயிலும் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் கண்ணை வைத்துப் பார்ப்போம்.

"கண்ணு தெர்தா அண்ணாத்த?"

"தெர்து."

"இன்னா கண்ணு?"

"கழுத கண்ணு."

"அப்ப கிளீன் ஆயிட்ச்சி. அடுத்தது வா."

இருபத்து நான்கு குழாய்க்கும் இதே பேச்சு. ஒரு வாரம்கூட அலுத்ததில்லை.

வேலை முடிந்தால் ஆணியில் தொங்கும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் எட்டாவது படித்ததாகச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மூன்று வாரம் ஓட்டினேன். நாலாவது வாரம் நீ நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"கண்ணாடியே இல்லாத ஆளு அத்த எப்டி அண்ணாத்த மறப்பே? குடு இங்க."

என் பெயரையும் நீயே எழுதினாய். என்னுடையது வேறு கையாகத் தெரியட்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டாய். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி நீ பேசவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த ஐப்பசித் திங்கட்கிழமைக்கு வருகிறேன். உன் மகளைப் பெண் பார்க்கச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வருகிறார்கள் என்று மத்தியானமே கிளம்பினாய். நீ போய்விட்டால் நோட்டில் எழுத ஆள் இல்லை. அதனால் குழாயைத் தொடும் முன்பே, இருபத்து நான்கும் சுத்தம் என்று எழுதி, இரண்டு கையெழுத்தும் போட்டு வைத்தாய்.

"எய்திட்டேன். நீ பிரஷ் மட்டும் ஒயுங்கா போட்டுடு அண்ணாத்த."

கீழ் இரண்டு வரிசையைத் தேய்த்தேன். மேல் வரிசை எட்டுக்கும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். தோள் வலித்தது. பின்பக்கம் நின்று பார்க்கவும் யாரும் இல்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, தம்பி. நோட்டில்தான் எழுதியாகிவிட்டதே என்று நினைத்துக் கதவை மூடினேன்.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை ஓட்டல் நிறையக் கல்யாணக்காரர்கள். தண்ணீர் சுடவில்லை, பாய்லர் ரூமுக்குள் புகை திரும்பியது. இன்ஜினியர் கதவைத் திறக்கச் சொன்னார். மேல் வரிசை எட்டும் அடைத்துக்கொண்டு கல்லாக இருந்தன. நோட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"சாய்ச்சுப் போட்டாலும் ரெண்டு கையெழுத்தும் ஒரே கைதானே? யாரு எழுதினது?"

"நான்தான் சார்" என்றாய்.

"தேய்ச்சது யாரு?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"அதுவும் நான்தான் சார். பொண்ணு பாக்க வராங்கன்னு அவசரத்துல மேல் வரிசைய உட்டுட்டேன். அவரு பேரையும் நானே போட்டுகினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அன்றே உன்னை வெளியே அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு உன் பின்னாலேயே ஓடிவந்து, "இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் வூட்ல குந்திகினு இருக்கலாமா? எனக்கு எங்கியாச்சும் கெடைக்கும். உனக்கு இந்த வயசுல எவன் குடுப்பான்? போ, போய்ப் பொயப்பப் பாரு."

பஸ்ஸில் ஏறியவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆமா, மேல் வரிசைல இன்னா, பேய் குந்திகினு இருந்திச்சா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். உன் வேலை போன அன்று சிரித்தவன் நான்.

உன் மகள் கல்யாணம் நடந்தது. நீ ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கினாய். நாலு வருடத்தில் நெஞ்சடைத்துப் போய்விட்டாய். சாவு வீட்டில் உன் மகளின் மாமியார், "பொய்க் கையெய்த்து போட்டு மாட்டிகினவருதானே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உன் மகள் காதிலும் விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் மாலையோடு நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதுவரைக்கும் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. மூன்று நாளைக்கு முன்பு இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். உன் மகள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா பெரியப்பா. இன்னா கையில, பத்திரிகையா? யாருக்குக் கல்யாணம்?"

உன் அப்பாவுக்கு எழுதியது, படிக்கிறேன் கேள் என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். சில இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லமாட்டான்மா."

"நீ சொல்லியிருக்கலாம் இல்ல? படிக்கத்தான் தெரியாது. பேசவுமா தெரியாது உனக்கு?"

தாளை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க கெளம்பிட்டே? எனக்குப் படிச்சது பத்தாது. எங்க மாமியாரு ஊருக்குப் போயிருக்காங்க. வர ஞாயித்துக்கெயம வந்து அவுங்க எதிர்ல படி. இப்ப படிச்ச மாதிரி முணுமுணுன்னு படிக்காத. பக்கத்து வூட்டுக்கும் கேக்கணும்."

தண்ணீர் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அது சரிதான்.

மழைத்தண்ணீர் படாமல் இந்தத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். காலையில் கடற்கரைக்குப் போய், அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி கத்திப் படித்துப் பழகுகிறேன். வலை உதறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் கதவை மூடிய இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் தினமும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அந்த வரியை அந்த அம்மாள் எதிரில் சத்தமாகப் படித்தேனா இல்லையா என்பதை, போய்வந்து அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.