ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்

அக்டோபர் 6, திங்கள்

பஜார் சாலையில், அரிசிக் கிட்டங்கி எதிரே, மின்கம்பத்தில் பொருத்திய ஆட்டோ சார்ஜர் வேலை செய்கிறது. ஆதாரம்: நான். காலை 10.20க்கு நேரில் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. போனிலுள்ள செயலியும் 'காலி' என்கிறது. காலிதான். ஒட்டி மூன்று அரிசி லாரிகள் நிற்கும்போது எந்த ஆட்டோ கிட்டே போகும்?

என்னை அங்கே இழுத்துப் போனவர் பாக்கியலக்ஷ்மி. தேனிக்காரர், மட்டாஞ்சேரியில் பன்னிரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறார். ஆகஸ்டில் நான் எழுதிய செய்தியை நம்பி, பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார ஆட்டோ எடுத்திருக்கிறார். பேப்பரை மடித்து வண்டியிலேயே வைத்திருக்கிறார்.

"வெங்கிட்டு சார், 'பஜாரில் எந்நேரமும் சார்ஜ் போடலாம்'னு எழுதினது நீங்கதானே? எங்க போடட்டும், லாரி மேலயா?"

பேப்பரை வாங்கி, செய்தியோடு வந்த படத்தைப் பார்த்தேன்.

அக். 7

அவர் நிலைமை: வாடகை வீட்டில் சார்ஜ் போட வீட்டுக்காரர் விடுவதில்லை. லாரிகள் போன பிறகு, மாலையில் இந்தக் கம்பத்தில்தான் போடுகிறார். காலைச் சவாரிகளிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. பகலில் ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் மூன்றரைக்குப் பள்ளிப் பிள்ளைகளை வீடு சேர்க்க முடியும். போன வாரம் தோப்பும்படிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே ஆறு பிள்ளைகள். இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.

அக். 8

செய்தியோடு வந்த படத்தின் தேதியைத் தேடினேன். ஆகஸ்ட் 10. ஞாயிறு. பஜார் அடைப்பு, சாலை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.

கம்பத்தைத் தேர்ந்தெடுத்த ஒப்பந்தக்காரரைப் போனில் பிடித்தேன். "நெரிசல் இல்லாத நாளா பார்த்து, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து அளந்தோம் சார்," என்றார், பெருமையாக.

அவரை என்ன சொல்ல? முப்பத்தொரு வருடம் இந்தச் சாலையில் செய்தி பொறுக்குகிறேன். வாரநாளில் காலை ஆறிலிருந்து சாயங்காலம் நாலு வரை அங்கே லாரி நிற்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்திருக்கலாம் — போகலை.

அக். 9

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். ஆறு வரி. "ஒப்பந்தக்காரர் தவறுன்னு போடலாமே?" என்றார் ஆசிரியர். என் தவறு என்றுதான் போகும் என்றேன்.

அக். 10, வெள்ளி

திருத்தம் ஐந்தாம் பக்கத்தில். எட்டரைக்கே சுமைத் தொழிலாளர் தலைவர் நாணு சேட்டன் என்னை மறித்தார். பாக்கியலக்ஷ்மியும் வந்து நின்றுகொண்டார்.

"எந்தா சாரே, லாரி நிக்கிறது குத்தமா? என் அச்சன் காலத்திலேர்ந்து சாக்கு இறக்குற இடம். கம்பம் நேத்து வந்ததாக்கும்."

"இறக்குறது ரெண்டு லாரி. மூணாவது எதுக்கு நிக்குது?" என்றேன்.

"தள்ளி நின்னா முறை போகுமே. பின்னால வந்தவன் முன்னால கேறிடுவான்."

"முறையைச் சொல்றது நீங்களா, இடமா?"

முறைத்தார். பாக்கியலக்ஷ்மி நடுவில் விழுந்தார்: "சேட்டா, எனக்கு லாரி இடம் வேணாம். ஆட்டோ இடம் போதும். நான் மூட்டை மாதிரிதான், ஓரமா கிடப்பேன்."

நாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயா குடிச்சிட்டுச் சொல்றேன்," என்று போனவர் திரும்பவில்லை.

அக். 11

நாணுவிடமிருந்து ஒன்றும் இல்லை. திங்களன்று மறுபடி கேட்பேன்.

அக். 13, திங்கள்

கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் வந்த லாரிகளின் கதவில் நாணு சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு கிட்டங்கி வாசலில். மூன்றாம் எண் லாரி தள்ளி, படகுத்துறைப் பக்கம் நிற்கிறது; முறை கதவிலேயே இருக்கிறது, கம்பத்தடி காலி.

11.05: பாக்கியலக்ஷ்மி சார்ஜ் போட்டார். செயலியில் அந்தக் கம்பம், வாரநாள் பகலில் நான் பார்க்க முதல்முறையாக, 'காலி இல்லை'. 3.50: ஆறு பிள்ளைகளும் வீடு சேர்ந்ததாகப் போன் செய்தார்.

நிலுவை: அந்த இடத்தை ஆட்டோவுக்கு ஒதுக்கிப் பலகை வைக்கும் மனு. மாநகராட்சியில் கொடுத்தாயிற்று, 22ஆம் தேதி புதன்கிழமைக் கூட்டத்தில் முடிவு என்கிறார்கள். அதுவரை சாக்பீஸ்தான். மழை வந்தால் அழியும். ஒரு பெட்டி வாங்கி நாணுவிடம் கொடுத்திருக்கிறேன்.

நாளை செவ்வாய். பத்தரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.