குரவைக்கு ஓர் இங்கிலீஷ் வால்

என் தவம் மச்சாளுக்கு, சிரித்துச் சிரித்து வாய் நொந்துபோன உன் மச்சாள் எழுதுவது.

உன் மகள் யாழினிக்குப் போன கிழமை தாலி ஏறிவிட்டது. மாப்பிள்ளை லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மண்டூர்ப் பெடியன். கல்லடியில் உன் வீட்டு முற்றத்தில்தான் பந்தல். எல்லாம் நிறைவு, பாயாசம் மட்டும் கொஞ்சம் தண்ணீர். நீ இருந்திருந்தால், “பாயாசத்த சொதிஃபை பண்ணிப்போட்டானுகள்” என்றிருப்பாய்.

இதை எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களுக்கும் விளங்கவேண்டுமே. நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்மார். இடைவேளையில் உன் வேலை, தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷ் வால் ஒட்டுவது. எதையும் சொதி மாதிரி நீர்க்கச் செய்தால் ‘சொதிஃபை’. தன் வயல் வட்டையைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர் ‘வட்டேரியன்’. அந்த மனிதர் உன் புருஷன், என் அண்ணன். அதை ஏதோ பட்டம் என்று நினைத்து இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிகிறார்.

ஆனால் உன் செல்லப்பிள்ளை ‘குரவேட்’. தாலி கட்டும்போதும் மண்டூர்க் கோயில் திருவிழாவிலும் நம் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்களே, அந்தச் செயலுக்கு ஒரு வினைச்சொல். “கட்டுமரத்தைத் தூக்கிட்டுப் போய் இங்கிலீஷ் சொல்லாக்கினவனுக்கு நம்மட குரவை கேக்கல்லையாகா? காதுக்க பஞ்சா வெச்சிருந்தவன்?” என்று, பெண்ணைக் கூப்பிடுகிற நம் ஊர்க் ‘கா’வையும் ஒட்டிச் சண்டைக்கு வந்தாய். அதற்கு அவர்களிடம் ‘யூலுலேட்’ என்று ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறதே என்றேன். “அது லத்தீன்காரனிட்ட வாங்கினது புள்ள. அழுகைக்கும் அதுதான், ஊளைக்கும் அதுதான். நம்மட குரவை சந்தோசத்துக்கு மட்டும்தானே?” உன்னோடு வாதாடி யார் வென்றது?

நமக்குள் ஒரு சட்டமும் இருந்தது. நாம் சொல்லிக்கொடுக்காத ஓர் ஆள், கேட்காமலே அதைச் சொல்லவேண்டும். அப்போதுதான் அது சொல். அதுவரைக்கும் இரண்டு டீச்சர்மாரின் விளையாட்டு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய்! வெளியே ஒருவர் வாயிலும் வரவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, “ஒரு சொல்லாவது தப்பிப் பிழைக்குமாகா?” என்று கேட்டாய். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் குரவை போடவேயில்லை. நம் குடும்பத்தில் நீதானே தொடங்குவாய், நான்தானே பின்னால் எடுப்பேன்? கல்யாணத்துக்கு முதல்நாளே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், என்னால் ஏலாது என்று. “அப்ப தாலி கட்டக்குள்ள பந்தல் ஊமையாக் கிடக்கிறதா?” என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார்.

மறுநாள் பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் எமிலி. மாப்பிள்ளையோடு வேலை செய்கிற வெள்ளைக்காரத் தாதி. சேலை முழுக்க ஊசி குத்தி ஒரு மாதிரி நிற்கவைத்திருந்தார்கள். அவள் என் காதுக்குள் இங்கிலீஷில் கேட்டாள், “ஆன்ட்டி, நாங்கள் எப்போது குரவேட் பண்ணவேண்டும்?”

கையில் இருந்த பன்னீர்ச்செம்பு நழுவி மடியெல்லாம் பன்னீர்.

யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அவர்களுடைய வார்டில் நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் குரவேட் பண்ணுவார்களாம். முன்பு அங்கே இருந்த ஒரு மட்டக்களப்புத் தாதி தொடங்கிவைத்ததாம். எமிலி வேலைக்கு வருவதற்கு முன்பே அவள் இடம் மாறிப் போய்விட்டாள். உன் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த எந்தக் குரங்கு அது, மச்சாள்?

இது என் மச்சாள் உண்டாக்கிய சொல் என்றேன். எமிலி பாவப்பட்டுச் சிரித்தாள். “இல்லை ஆன்ட்டி, இது இங்கிலீஷ்தான். நாங்கள் எப்போதும் சொல்வது.” எனக்கே இங்கிலீஷ் படிப்பிக்கிறாள்! கோபம் வந்திருக்கவேண்டும். கண்தான் நிறைந்தது.

அதற்குள் ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொடுத்துவிட, அதுதான் நேரம் என்று எமிலி நினைத்துவிட்டாள். குரவை போட்டாளே பார்! தண்ணீர் கொதிக்கிற கேத்தில் மாதிரி ஒரு சத்தம். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார். பந்தலே திரும்பிப் பார்க்க, பிள்ளை செவசெவ என்று சிவந்துபோனாள். அவளைத் தனியே விட மனம் வருமா? நான் எடுத்தேன். எங்கே இருந்ததோ என் குரல், வந்துவிட்டது. எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் எடுத்தார்கள். “பொறுங்கம்மா, இன்னும் தாலி கட்டல்ல!” என்று ஐயர் கத்தினார். யார் கேட்டது? கட்டியபோது இன்னொரு தரம் போட்டோம். மணவறையில் யாழினி தலையை நிமிர்த்தி, உன்னைப் போலவே வாய்விட்டுச் சிரித்தாள்.

மச்சாள், ஒரு வாக்குத் தருகிறேன். எமிலியோடு இனி வாதாடமாட்டேன். அது உன் சொல் என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தன் பாட்டில் திரியட்டும். இந்தக் கடிதத்தைத் தமிழில்தானே எழுதுகிறேன், இங்கிலீஷின் காதில் விழாது.

அன்றைக்குக் கேட்டாயே, அதற்கு இப்போதுதான் பதில் இருக்கிறது. ஓம்கா, தப்பிப் பிழைச்சிட்டுது.

உனக்குப் பின்னால் குரவை எடுக்கிற,
யாழினியின் மாமி,
உன் மச்சாள் சரோ