குறை சொல்லாத சகலை

சகலை,

கீழ்வீட்டுக்காரர் இன்று காலை புதுக் கார் எடுத்து வந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தேங்காய் உடைந்து, எல்லாம் ஆன பிறகு, "சார், நீங்களும் ஒரு தடவ உக்காந்து பாருங்க" என்று கதவைத் திறந்து விட்டார். உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறையும் பசையும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அடையாறில் உட்கார்ந்திருந்தவன் மயிலாப்பூரில் நம் மாமனார் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். உங்கள் மெரூன் நிற வண்டி நிற்கிறது. நீங்கள் வெள்ளை வேட்டியில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சகல, வெளியவே நின்னுக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க" என்று கூப்பிடுகிறீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வாசனை வந்ததும் எனக்குத் துக்கம் அல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீங்கள் அக்காவைக் கட்டியவர், நான் தங்கையைக் கட்டியவன். நீங்கள் பனகல் பார்க் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தீர்கள். நான் கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வந்த உருப்படியில் எது சரியில்லை என்று கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியோடுதான் வீட்டுக்கும் வருவேன் என்று என் மனைவி சொல்வாள்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இங்கே வண்டி விட ஆரம்பித்திருந்தன. பின்னால் டிக்கி நீண்ட அந்தப் பெரிய செடானை முதலில் கண்டுபிடித்தவன் நான். விளம்பரப் புத்தகங்களைக் கொண்டு வந்து மாதக்கணக்கில் படித்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டின்போது, எஞ்சினில் தொடங்கி டயர் வரைக்கும் விளக்கினேன். நீங்கள் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வெள்ளி நிறம் வேண்டும் என்று பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்கு அடுத்த வாரம் நீங்கள் போய், "எந்தக் கலர் இருந்தாலும் குடுங்க" என்று கேட்டு, எனக்கு முன்னால் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டீர்கள். யாரோ பதிந்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன மெரூன்.

அன்று மாமனார் தெருவில் இறங்கி உங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பெரிய மாப்பிள்ளை கார் எடுத்துட்டார்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். என் வண்டி வந்தபோது அவருக்குப் பழகிப்போயிருந்தது. "அதே வண்டிதானே?" என்றார்.

அதே வண்டிதான். ஆனால் என் வண்டியில் குறைகள் இருந்தன. இடது பக்கப் பின்கதவு சரியாகப் பொருந்தவில்லை. மூடினால் சிக்கிக்கொள்ளும், திறக்கும்போது அடம் பிடிக்கும். கொஞ்சம் வேகம் எடுத்தால் டாஷ்போர்டுக்குள் யாரோ சோழி குலுக்குவது போல ஒரு சத்தம். ஏசி போட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் காலில் தண்ணீர் சொட்டும். ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கும். ஒவ்வொன்றும் சின்னக் குறைதான், வண்டி நிற்கவில்லை. ஆனால் நான் பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி அல்லவா? சர்வீஸுக்குக் கொண்டுபோனால், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

உங்களைக் கேட்டால், "நம்ம வண்டியா? வெண்ண மாதிரி போவுது" என்பீர்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. மயிலாப்பூருக்கு நீங்கள் வரும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில் உங்கள் வண்டியின் பெயிண்டைச் சாய்ந்து நின்று பார்ப்பேன். கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பேன். பின்சீட்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும் நீங்களே ஓடி வந்து கதவைத் திறந்து விடுவீர்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அத்தான் எவ்வளவு மரியாதயா நடந்துக்கறார் பாருங்க. நீங்க ஒரு நாளாவது எனக்குக் கதவு திறந்து விட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். அதுவும் என் வயிற்றெரிச்சலோடு சேர்ந்துகொண்டது.

வண்டி வாங்கியவர்களை எல்லாம் அழைத்து, தி.நகரில் ஒரு ஓட்டல் மாடியில் ஏஜென்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்களே, அது நினைவிருக்கிறதா? பஜ்ஜியும் காபியும் கொடுத்து, நிறைகுறைகளைச் சொல்லச் சொன்னார்கள். மாமனாரும் கூட வந்து நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அடையாறிலிருந்து வந்த டாக்டரம்மா ஒருவர், "ஏசி தண்ணியில என் செருப்பே ஊறிப்போச்சு" என்றார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், "இதே வண்டிய இவங்க ஊர்ல இப்படிக் குடுத்தா விடுவானா? நமக்கு இது போதும்னு நெனக்கிறான்" என்று மேசையைத் தட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பழைய வண்டிய நெனச்சுப் பாருங்க சார். வெளிய மழை பேஞ்சா உள்ளயும் பேயும். அதுக்கு இது சொர்க்கம்" என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சண்டைக்குப் போனார்கள்.

நான் எழுந்தேன். கதவிலிருந்து ஸ்டியரிங் வரை, ஒன்று விடாமல், எங்கே எப்போது எப்படி என்று சொன்னேன். "இது ஓட ஓட செட் ஆகிற விஷயம் இல்லை, செய்யும்போதே கவனிக்காமல் விட்ட விஷயம்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

உடனே உங்களைக் கேட்டார்கள். நீங்கள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "என் வண்டில ஒரு கொறையும் இல்லீங்க. நல்ல வண்டி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏஜென்சி மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி வந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பேசியதெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று.

திரும்பும்போது மாமனார் என் வண்டியில் வந்தார். லஸ் முனை வரைக்கும் பஜ்ஜியைப் பற்றியே பேசினார். பிறகு சொன்னார்: "ஒரே கம்பெனி, ஒரே வண்டி. அவருக்கு மட்டும் நல்லதா அமைஞ்சிருக்கு பாருங்க. எதுக்கும் ஒரு ராசி வேணும் மாப்ளே." டாஷ்போர்டுக்குள் சோழி குலுங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு நம் சின்ன மச்சினிச்சிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம், வீட்டிலேயே இரண்டு புது வண்டி இருக்கிறதே என்றார் மாமனார். எந்த வண்டி என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. "பெரியவர் வண்டியிலயே வரட்டும். அதுதான் கொறையில்லாத வண்டி" என்றார். என் வண்டி மண்டபத்துக்கு வாழை இலைக்கட்டும் காய்கறி மூட்டையும் கொண்டுபோயிற்று. வாழைப்பூக் கறை சீட்டில் பட்டதற்கு நான் மனைவியைக் கடிந்துகொண்டேன், பாவம்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதசுரம், இரண்டு பக்கமும் டியூப்லைட் தூக்கியவர்கள், நடுவில் மல்லிகைச் சரம் போர்த்திய உங்கள் மெரூன் வண்டி. கோட்டு சூட்டில் மாப்பிள்ளை இடது பக்க சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் நீங்கள். நான் நடந்து வந்தேன்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். வண்டி நின்றது. மாப்பிள்ளை கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. வெளியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் இழுத்தார். திறக்கவில்லை. நீங்கள் மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்து இழுத்தீர்கள். மறுபடி இழுத்தீர்கள். கைப்பிடியில் சுற்றியிருந்த பூச்சரம் அறுந்ததே தவிர கதவு அசையவில்லை. உள்ளே மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. மறுபக்கக் கதவு வழியாக இறங்கலாம் என்றால் ஒரு பஸ் ஒட்டி நின்றுகொண்டிருந்தது. "மாப்பிள்ளை ஆரத்திக்கு எதிர்லதான் இறங்கணும்" என்றாள் ஒரு கிழவி. தாய்மாமன் குரலை உயர்த்தினார். "இன்னாங்க இது? புது வண்டின்னு சொன்னீங்க. வாசல்லயே கதவு தொறக்கலன்னா இன்னா அர்த்தம்? சகுனம்னு ஒண்ணு கீதா இல்லியா?" நாதசுரம் தானாக நின்றுவிட்டது. மாமனார் முகம் வெளுத்துப்போயிற்று.

அந்தக் கதவை எனக்குத் தெரியும் சகலை. என் வண்டியின் அதே கதவு. சர்வீஸ்காரர்களால் ஆகாமல், அதோடு எத்தனையோ நாள் மல்லுக்கட்டி நானே வழி கண்டுபிடித்திருந்தேன். அங்கே நின்றுகொண்டு நான் என்ன உணர்ந்தேன் தெரியுமா? சந்தோஷம். இனிப்புச் சாப்பிட்ட மாதிரி. உங்களுக்கும் அதே குறை!

அப்போது நீங்கள் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தீர்கள். போனேன். கைப்பிடிக்குக் கீழே இடுப்பை வைத்து உள்பக்கமாக ஒரு இடி இடித்து, அதே மூச்சில் கைப்பிடியை மேலே தூக்கினேன். கதவு திறந்தது. நாதசுரம் திரும்பவும் ஆரம்பித்தது. தாய்மாமன் மட்டும் விடவில்லை. "கதவு ரிப்பேரா?" என்றார்.

"இல்லீங்க. சின்னப் பசங்க ஏறி இறங்குற வண்டி, அதான் சைல்ட் லாக் போட்டிருந்தோம். எடுக்க மறந்துட்டோம்" என்றேன். சைல்ட் லாக் போட்டாலும் வெளியிலிருந்து கதவு திறக்கும். நல்ல வேளை, அது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பிறகு மண்டபத்தின் பின்பக்கம் நீங்கள் வண்டியிலிருந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து நின்றேன்.

"எத்தனை நாளா சகலை?"

"எடுத்த அன்னிக்கே. வெளிய இருந்து ரெண்டு இழு இழுத்தா வந்துடும், இன்னிக்குதான் வரல" என்றீர்கள், தலை நிமிராமல்.

"டாஷ்போர்டு?"

"கடகடன்னும். பாட்டு போட்டுக்குவேன்."

"ஏசி தண்ணி?"

"அவ கால்லதான் சொட்டும். ஒரு துண்டு போட்டு வெச்சிருக்கேன்."

"ஸ்டியரிங்?"

"எடது பக்கம் இழுக்குது. நம்ம கடையும் எடது பக்கம்தானே, பரவால்ல." நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எல்லோருக்கும் ஓடி ஓடிக் கதவு திறந்து விட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்புறம் அத்தனை பேர் முன்னாடி ஏன் ஒரு குறையும் இல்லன்னு சொன்னீங்க? நான் பைத்தியக்காரன் மாதிரி ஆயிட்டேனே."

நீங்கள் பூச்சரத்தைச் சுருட்டி பானட்மேல் வைத்தீர்கள். "மாமா பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாரே சகல. வண்டி எடுக்கறப்பவே அவராண்ட சொல்லிட்டேன், சின்னவரு அலசிப் பாத்து சொன்ன வண்டி, கண்ண மூடிக்கினு எடுக்கலாம்னு. உங்களுது ஒண்ணு கோளாறுன்னா ஏதோ அந்த வண்டி அப்படின்னு போயிடும். நானும் எழுந்து கொறை சொன்னா, 'இன்னா வண்டிய பாத்துக் குடுத்தாரு இவரு'ன்னு உங்க மேலல்ல வந்து வுழும்?"

நீங்கள் என்னோடு போட்டி போட்டு அந்த வண்டியை எடுத்தீர்கள் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என் கண் கலங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கலங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. குறையில்லாத வண்டி உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று பொறாமைப்பட்டபோது, அது வெறும் வண்டியைப் பற்றிய பொறாமை. நாளைக்கே விற்றுவிட்டு வேறு வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது? அதே கதவு, அதே சத்தம், அதே தண்ணீர். எல்லாம் தெரிந்திருந்தும் நீங்கள் அந்த வண்டியைச் சந்தோஷமாக ஓட்டியிருக்கிறீர்கள். என் பெயரையும் காப்பாற்றியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் வராது.

அதன் பிறகும் நாம் பல ஞாயிற்றுக்கிழமைகள் பெசன்ட் நகர் வரை என் வண்டியில் போய் வந்தோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவேன். "அந்தச் சத்தம் கேக்குதா?" என்று கேட்பேன். "கடல் சத்தமா?" என்பீர்கள். ஒரு தடவை நான் எரிச்சல்பட்டபோது சொன்னீர்கள்: "எங்க கடையில ஒடுக்கு இல்லாத பாத்திரத்தத் தேடித் தேடி எடுத்துக்கினு போறவங்க இருக்காங்க சகல. அந்தப் பாத்திரத்துல அவங்க சமைக்கவே மாட்டாங்க."

நீங்கள் இறந்த அன்று உங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. கடைப் பையன்கள், பூக்காரிகள், எதிர்க்கடைக்காரர், உங்களிடம் ஒரே ஒரு குக்கர் வாங்கிய யாரோ ஒரு அம்மாள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்ற நினைப்பு அப்போதும் வந்தது. உங்களைத் தூக்கும்போதுதான் அழுதேன்.

போன மாதம், அன்று கதவுக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் மகள் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஃப்ளாட் பார்த்துவிட்டு, "அடையாறு பெரியப்பா பாத்தாத்தான் சரியா இருக்கும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் வாட்டம் சரியில்லை. ஒரு சன்னல் முழுசாக மூடவில்லை. சமையலறை மேடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எல்லாம் சொன்னேன். குழந்தை முகம் வாடிப்போயிற்று.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதான் பெரியப்பா. ஆனா எடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டாள். பிறகு தனக்குள் சொல்வது போல, "தி.நகர் பெரியப்பாவா இருந்தா வாசல்ல நுழையும்போதே சொல்லியிருப்பார்" என்றாள்.

"என்னன்னு?"

"நல்ல வீடும்மா, பால் காய்ச்சுன்னு."

மூடாத அந்தச் சன்னலை இன்னொரு தடவை பார்த்தேன். வெளியே ஒரு வேப்ப மரமும் கொஞ்சம் காற்றும் இருந்தன. "நல்ல வீடுதாம்மா. பால் காய்ச்சு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அச்சு அவர் மாதிரியே சொல்றீங்க பெரியப்பா!"

வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வயதில் என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது சகலை. அதுவும் உங்கள் பெயரில் போய்விட்டது.