நடந்தே பூடும்

மே மாதம், செவ்வாய் இரவு. மாமல்லபுரம்.

கடலோரக் குப்பத்தின் தொடக்கப் பள்ளியை மூடி, பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அப்பாலுள்ள பள்ளியில் சேர்க்கலாமா என்பதுதான் எங்கள் கோடை ஆய்வு. பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும் என்று தாய்மார்களிடம் கேட்டவள் நான். வெளியாள் முன்னால் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வராது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தூரம் ஒரு தடையே இல்லை என்று எங்கள் பேராசிரியர் இன்று அறிக்கையில் எழுதிவிட்டார். "அது பெருமைக்குச் சொன்னது சார்" என்றேன். "அவங்க சொன்னதுதானேம்மா டேட்டா" என்றார்.

நான் கேட்ட தாய்மார்களில் ஒருவர் செல்வி அக்கா. மாலையில் குப்பத்துக்கு அவரிடம் இதைச் சொல்லப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னாம்மா, நல்லா சொன்னேனா? எம் பொண்ணு மாபலிபுரம் வரிக்கும் நடந்தே பூடும். இப்டி பசங்க கீற ஸ்கூல எவன் மூடுவான்?"

சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பினேன்.

"அக்காவ பஸ் ஸ்டாப்ல வுட்டுட்டு வாடி" என்று மகளை அனுப்பினார்.

இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். அந்தப் பெரிய சாலையைக் கடக்கும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடந்த பிறகுதான், அவள் தனியாகத் திரும்ப வேண்டும் என்பது உறைத்தது. மறுபடி அவளோடு கடந்து, வீட்டருகே விட்டு வந்தேன்.

பள்ளி திறக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.