சதுப்பை மூடிக் கட்டின மண்டபம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சொகமா இருக்கீங்களா? தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகுதா? எனக்கு ஒரு கொறையும் இல்ல.

கண்டிப் பக்கத்து இந்தக் கேம்பஸ் டவுன்ல நடக்கிற கூத்தப் பாத்தா குமட்டுது. மழைத்தண்ணி தேங்குன ஒரே சதுப்ப மூடி, நான் வேல பாக்கிற கேம்பஸ் ஆபிஸ்காரங்க ‘நிலைபேறான அபிவிருத்தி’ மண்டபம் கட்டினாங்க. தெறப்பு விழா அன்னைக்கே மழை. போக்கிடம் இல்லாத தண்ணி கீழ பள்ளத்துல நான் வாடகைக்கு இருக்கிற போடிங் ரூமுக்குள்ள வந்துருச்சு. பயப்படாதீங்க, முழங்காலுக்குக் கீழதான். மேல பிளாஸ்டிக் ஒழிப்பப் பத்திப் பேசினவங்க சாப்பிட்டு வீசின, சோறு கட்டுற பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டெல்லாம் என் கட்டிலச் சுத்தி மிதந்துச்சு. சீ! ஆபிஸ்ல சொன்னதுக்கு, “மழைன்னா அப்பிடித்தான், மிஸ்”னு சிரிக்கிறாங்க.

அம்மா கொழுந்து பறிக்கப் போறப்ப போட்ட பழைய பூட்ஸ யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்க. புதுசு வேணாம், அதுவே போதும்.

பஸ் வருது, முடிக்கிறேன். அடுத்தது வெள்ளத் தடுப்புக் கூட்டமாம், அதே மண்டபத்துல. எல்லாருக்கும் அதே லஞ்ச் ஷீட்ல கட்டின சோத்துப் பார்சல் வாங்கிக் குடுக்கிறது நான்தான்.

உங்க மக,
சுகிர்தா