கழுவின கல்லில் மீனுக்கு ஏது இரை?

என் ஆசை மச்சானுக்கு,

நீங்கள் அங்கே நிம்மதியாக இருப்பீர்கள். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் வீடு கழுவினார்கள். தீட்டு வீடு, கழுவட்டும் என்று நான் அறைக்குள் படுத்துக் கிடந்தேன். எழுந்து கூடத்துக்கு வந்தால், உங்கள் மீன் தொட்டியில் ஒரு கல்கூட இல்லை. மாண்டரின் மீன் வாளிக்குள் கிடக்கிறது. மொட்டை மாடியில் உங்கள் அண்ணன் அந்தக் கற்கள் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஐயோ பெரிய மச்சான், அத ஏன் தேய்க்கிறீக?” என்று கத்தினேன்.

“எம்புட்டுப் பாசி பாருத்தா! இந்த அழுக்கக் கூடத்துல வச்சுக்கிட்டா சாமி கும்புடுறது?”

அழுக்காம்! அதுதானே அந்த மீனுக்குச் சோத்துப்பானை! மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கையால் நீங்களே சிமெண்டில் வார்த்த கல். அதில் பாசி படிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள் பெருக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கப்புறம்தானே மீனையே வாங்கினீர்கள்? அதுவரை உப்புத் தண்ணீரையும் வெறும் கல்லையும் வளர்க்கிற கிறுக்கன் என்று சின்னமனூரே உங்களைக் கேலி பேசியது.

விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சு வரிகள் வளைந்து வளைந்து ஓடும், கோலம் போடுகிறவள் கையை எடுக்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போனது மாதிரி. செதில் கிடையாது, வழுவழுப்புத் தோல். தவளை முழி. அடித்துடுப்பை ஊன்றிக் கல்லுக்குக் கல் நடக்கும், நின்று உற்றுப் பார்க்கும், ஒரு பூச்சியைக் கொத்தும். பசிபிக் கடலில் உடைந்து குவிந்த பவளப்பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்து, பொழுது சாயும்போது வெளியே வரும் என்பீர்கள். கடைத் தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்காது. ஹோட்டல் சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிற உங்களுக்கு ஏற்ற மீன்தான்.

கற்களைத் திரும்ப அடுக்கினார்கள். பளபளவென்று இருந்தன. “பாரு, நீந்துதுல்ல? ஒண்ணும் ஆகல” என்றார் உங்கள் அண்ணன். நீந்தத்தான் செய்தது. வெறும் கல்லைக் கொத்திக் கொத்தி ஒரு வாரத்தில் வயிறு ஒட்டிப்போனது. “புருசன் போன வீட்ல மீனுக்கு அழுகுறா” என்று உங்கள் அக்கா அடுப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது. உங்களுக்கும் சேர்த்துத்தான் அழுதேன். அது அவர்களுக்குத் தெரியவில்லையே, மச்சான்?

உங்களுக்கு மீன் விற்ற மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். “எங்கிட்ட பழைய தொட்டி இருக்குக்கா, பூச்சி நெறையா கெடக்கு. கொண்டாந்துருங்க” என்றார். தொட்டித் தண்ணீரோடு மீனைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் அக்கா வாசலை மறித்தார்.

“முப்பதாம் நாள் கழியாம வாசப்படி தாண்டுவியா? பாத்தவுக என்ன சொல்லுவாக?”

“ஒரு உசுரக் காப்பாத்தப் போனான்னு சொல்லட்டும். ஒதுங்குங்க மதினி.”

மதுரை வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். அந்தத் தொட்டியில் விட்டதும் மெதுவாக நடந்துபோய், ஒரு கல்லை உற்றுப் பார்த்து, கொத்தியது. கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவர் அங்கிருந்து ஒரு பாசிக் கல்லைத் தந்தார். மீனை அவரிடமே விட்டுவிட்டு, அந்தக் கல்லைக் கொண்டுவந்து நம் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கற்களிலும் லேசாகப் பச்சை ஏறுகிறது.

நேற்று உங்கள் அண்ணன் மறுபடி வந்தார். “போடியில ஒரு ஹோட்டல்காரக தொட்டியக் கேக்குறாக. ஒத்தையில கெடக்குறவளுக்கு இது எதுக்குத்தா?”

உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டார்கள், உங்கள் சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்தார்கள், வாய் திறக்காமல் இருந்தேன். நேற்று முடியவில்லை.

“ஒத்தையில கெடக்குறேன்னு தெரியுதுல்ல பெரிய மச்சான்? அப்ப இருக்கறதையும் ஏன் தூக்கிட்டுப் போறீக?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தொட்டி எங்கேயும் போகாது, மச்சான். பாசி நன்றாகப் பிடிக்கட்டும், நானே மதுரைக்குப் போய் உங்கள் மீனை வீட்டுக்குக் கூட்டி வருவேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள், உங்கள் பொண்டாட்டி,
செல்வி