டெல்ஃப்ற்காரி அக்காவுக்கு

அக்கா,

இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் எங்கள் புதுவீட்டுக்குப் பின்னால் இன்னும் வீடுகள் கட்டுகிறார்கள். காலையில் மழை. தோண்டிக் குவித்த களிமண்ணின் ஈரமணம் யன்னலால் வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பேஸ்மென்றில் தண்ணீர் நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்தேன். இல்லை. மறுபடியும் போய்ப் பார்த்தேன். நாம் இருந்த ஒல்லாந்து ஊரின் மணம் அது.

அகதிகளாகப் போன, முன்பின் அறிமுகமில்லாத நம் இருவரையும் ஒரே வீட்டில் விட்டிருந்தார்கள். றைன் ஆற்றின் கிளையொன்று. அதையொட்டி உயரமான அணை. அணையடியில் ஒற்றை வரிசையாக வீடுகள். மண்மேட்டில் தேவாலயமும் சவக்காலையும். அவ்வளவுதான் ஊர். கோடையில் ஆறு தன்பாட்டில் ஓடும். மாரியில் கரைப் புல்வெளியை மூடிக்கொண்டு அணைவரை வந்துவிடும். அப்போது கப்பல்கள் நம் கூரைக்கு மேலால் போவதுபோல் தெரியும். "கடல்கூட எங்களுக்குக் கீழதானே கிடந்தது," என்பீர்கள், நெடுந்தீவில் பிறந்த நீங்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாதான் உங்களுக்கு ஊரைக் காட்டினார். அணைப்பாதை ஓரிடத்தில் வளைந்து ஒரு குளத்தைச் சுற்றிப் போகுமே, அது முன்பு அணை உடைந்தபோது வெள்ளம் தோண்டிய பள்ளமாம். தூர்க்க முடியாத ஆழம் என்று அணையையே வளைத்துக் கட்டினார்களாம். பதிலுக்கு நீங்கள், ஒல்லாந்தர் உங்கள் தீவுக்கு டெல்ஃப்ற் என்று தங்கள் ஊர்ப்பெயரை வைத்த கதையைச் சொன்னீர்கள். அன்றிலிருந்து அவருக்கு நீங்கள் டெல்ஃப்ற்காரி.

அந்த மாரியில் ஆறு ஏறிக்கொண்டே வந்தது. எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். அந்த அம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மகன் வந்து கத்தியும் பார்த்தான். நீங்கள் முழங்காலிட்டு அவருக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டு, தெரிந்த அரைகுறை டச்சில் சொன்னீர்கள்: "வீட்டை விட்டு வெளிக்கிட எனக்குப் பழக்கம். என்ர கையைப் பிடியுங்கோ." அவர் எழும்பினார்.

வேறொரு நகரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினோம். நான் வாசலுக்கும் ரிவிச் செய்திக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அணை தாங்கியது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. ஆனால் தரை காய்ந்தே இருந்தது. நீங்கள் வாசலிலேயே நின்று அழுதீர்கள்.

"ஏனக்கா, ஒண்டும் நடக்கேல்லையே."

"விட்டிட்டு வந்த ஒரு வீட்டுக்கும் நான் திரும்பிப் போகேல்லையடி. இதுதான் முதல்."

அதன்பிறகு நீங்கள் அந்த ஊரைவிட்டு அசையவில்லை. நான் கனடா வந்தேன். அஜின்கோர்ட், அஜக்ஸ், இப்போது இங்கே. வீடு மாறும்போதெல்லாம் போனில் "இனி எங்கையடி?" என்பீர்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

போன மாரியில் உங்களை அடக்கம் செய்ய வந்தேன். தண்ணீர் ஏறாத அந்த மேட்டில், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அருகில் இடம். அவருடைய மகன்தான் முன்னின்று செய்தான். "அம்மாவின்ர விருப்பம்," என்றான்.

இங்கே பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. "அம்மா, இந்த வீடு ஓகேயா?" என்று மகள் கேட்கிறாள். ஓம் என்றேன். ஆனால் அன்று வாசலில் உங்களுக்கு வந்த அழுகை ஒருநாள் எனக்கும் வரும் என்றுதான் ஒவ்வொரு வீடாகப் பார்த்து வருகிறேன். சாவி தந்த அன்று இந்தக் கதவையும் திறந்துவிட்டு, கொஞ்சநேரம் நின்று பார்த்தேன், அக்கா.